குண்டூசிக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

ஏப்ரல் 2

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று போடவில்லை, கவனித்திருப்பாய். வேண்டுமென்றேதான் போடவில்லை. இரண்டு நாள் வந்து இருந்துவிட்டு, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "என் பிள்ளை எங்க படிக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டாய். நீ தெருமுனை திரும்பிய பிறகு எனக்கு ஒன்பது பதில் வந்தது. அதில் ஒன்றைக்கூட எழுதப் போவதில்லை. உன் பிள்ளைதான், யார் இல்லையென்றது. அவள் அம்மா இறந்துபோனபோது அவளுக்கு இரண்டு வயது. "ஆறு மாசம் மட்டும் பாத்துக்கக்கா" என்று கொண்டுவந்து விட்டாய். உன் ஆறு மாதத்துக்கு இப்போது நாலு வயது ஆகிறது.

இதையெல்லாம் ஏன் போனில் கேட்கவில்லை என்றால், இந்த வீட்டில் இருப்பது ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது குண்டூசி என் மடியில் ஏறி உட்கார்ந்து போனில் காதை ஒட்டவைத்துக்கொள்கிறாள். வெளியே போய் விளையாடு என்றால் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிச் சண்டை போட என்னால் ஆகாது. ஆகவே பள்ளிக்கூட விஷயம் இனிமேல் கடிதத்தில்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. போன் வழக்கம்போல அவளுக்கு.

இங்கே முதல் வகுப்பில் சேர்க்க மே 31 கடைசித் தேதி. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற அரசுப் பள்ளியை நேற்று போய்ப் பார்த்தேன். இருபது வருஷமாக ஆஸ்பத்திரித் துணி அறையில் தைத்தும் அடுக்கியும் குப்பை கொட்டுகிறவளுக்கு ஒரு இடத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியும். முன்வாசலைப் பார்த்து மயங்கக் கூடாது. நேராகக் கழிப்பறைக்குப் போனேன். தாழ்ப்பாள் ஆறு வயசுப் பிள்ளைக்கு எட்டுகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. கை துடைக்கிற துண்டு காய்ந்திருந்தது, அப்படியென்றால் யாரோ தினமும் மாற்றுகிறார்கள். பிறகு மணி அடிக்கும்வரை கேட்டுக்கு வெளியே நின்றேன். பிள்ளைகள் ஓடித்தான் வந்தார்கள், ஆனால் தப்பித்து ஓடுகிற ஓட்டம் இல்லை.

எனக்குப் பிடித்திருக்கிறது. உன் பிள்ளை, நீ சொல்லு.

அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போடாவிட்டால் என்ன, நான் போட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நான் பேசியது தப்பு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. இறங்கி வந்து சொல்லியிருக்கலாம். கௌரவம் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே. அணை கட்டுகிற கிரேனின் கேபினில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதுகிறேன். அறுபது மீட்டர் உயரம், காற்று அடித்தால் கேபின் ஆடும், கூடவே எழுத்தும் ஆடும். நீ ஆஸ்பத்திரித் துணிக்கு லேபிள் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுத எனக்குப் பொறுமையும் இல்லை.

அக்கா, எனக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. இரண்டு அறை, ஒரு சமையலறை. அதனால்தான் அன்றைக்கு அவசரப்பட்டேன். குண்டூசி இங்கே வந்து இருக்கலாம், இங்கேயே படிக்கலாம். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு அரசுப் பள்ளி இருக்கிறது. அதை ஒரு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன், மேலிருந்து. அடுத்த லோடு கட்டும்வரை எனக்கு வேறு என்ன வேலை. பத்தரைக்கு ஒரு இடைவேளை, பிறகு மதியம், மூன்றரைக்கு மணி. முற்றம் ஒரு கைக்குட்டை அளவு தெரியும். ஒரு டீச்சர் இருக்கிறார். எந்தப் பிள்ளை விளையாடாமல் படியில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்காருவார். ஏதாவது பேசுகிறாரா இல்லையா என்று இங்கிருந்து தெரியாது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை எழுந்து விளையாடப் போய்விடும், அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

உன்னிடம் மறைக்கக் கூடாது, ஒரு கவலையும் இருக்கிறது. அந்தப் பள்ளியில் ஒரு ஆள் நீளமான கம்போடு வருவார். வாரத்தில் இரண்டு மூன்று நாள். அவர் கம்போடு வந்தால் பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு ஓடுவது தெரிகிறது. அடிக்கிறாரோ என்று பார்த்தால், அதற்குள் கீழேயிருந்து வாக்கி டாக்கியில் "லோடு ரெடி" என்று கூப்பிட்டுவிடுகிறார்கள்.

உன் தம்பி

*

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

போட்டுவிட்டேன், திருப்திதானே.

துணிக்கடையில் ஒரு கைக்குட்டை வாங்குகிறவன்கூடத் தொட்டுப் பார்த்து வாங்குவான். நீ ஒரு வருஷமாக ஆகாயத்தில் உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறாய். முதலில் இறங்கு. குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வாசல் வழியாக உள்ளே போ. கம்பு எதற்கு என்று அந்த ஆளிடமே கேள். கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பார். எத்தனை பிள்ளைகள், எத்தனை டீச்சர் என்று கேட்டு எழுது. கீழே போய் ஒரு கேள்வி கேட்க ஒரு வருஷமாக உன்னைத் தடுத்தது எது? சின்ன வயசிலும் நீ இப்படித்தான். கடைக்கு அனுப்பினால் எதிர்த்திண்ணையில் நின்று கடையையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

நான் சும்மா இருக்கவில்லை. டிப்போ பள்ளியின் தலைமை ஆசிரியை அம்மாவைப் பார்த்தேன். முதல் வகுப்பில் நாற்பத்து நாலு பேர். அதிகம்தான், நான் முகத்துக்கு நேரே சொன்னேன். அவரும் "அதிகம்தாம்மா, நானும் எழுதி எழுதிப் பார்க்கிறேன்" என்று ஒத்துக்கொண்டார். பொய் சொல்லாத ஆள். புத்தக அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பூட்டே இல்லை. புத்தகங்களில் முக்கால்வாசி கிழிந்து ஒட்டியவை, எனக்கு அது நல்ல அடையாளமாகப் பட்டது. புதுசாகப் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

குண்டூசி எழுத்து எழுத உட்காரமாட்டேன் என்கிறாள் என்பதுதான் எனக்கு ஒரே குறை. ஆஸ்பத்திரிக் காப்பகத்தில் மற்ற பிள்ளைகள் எல்லாம் சிலேட்டும் கையுமாக இருக்கும்போது இவள் நழுவி என் துணி அறைக்கு வந்துவிடுகிறாள். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து போர்வைகளை வார்டு வாரியாக அடுக்குவாள். பிரசவ வார்டு ஒரு பக்கம், தீக்காய வார்டு ஒரு பக்கம். இதுவரை ஒன்றுகூட மாறியதில்லை. கறையைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாள் என்று நினைக்கிறேன். வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். படிப்புத்தான் எப்படி வரப்போகிறதோ.

அக்கா

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இறங்கினேன். குளித்தேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே பத்து நிமிஷம் நின்றேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து பார்க்கும்போது அந்தப் பள்ளிக்குச் சத்தமே கிடையாது. கீழே போனால் காது அடைக்கிறது. இருபத்து மூன்று பிள்ளைகள் இவ்வளவு சத்தம் போட முடியும் என்று எனக்குத் தெரியாது.

கம்புக்காரர்தான் தலைமை ஆசிரியர். கம்பு எதற்கென்றால் ஓட்டுக்கூரை மேல் ஏறிக்கொள்கிற பந்தைத் தள்ளுவதற்கு. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவது பந்து எந்தப் பக்கம் விழும் என்று பிடிக்க. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொன்னேன். மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மேல இருந்து பாக்கறீங்களா? அப்ப பின்பக்கக் கூரையில எத்தனை கிடக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டார். ஏழு என்று சொன்னேன். இப்போது நான் அங்கே பெரிய ஆள்.

படியில் உட்காருகிற டீச்சரையும் பார்த்தேன். அதிகம் பேசமாட்டார். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்புவரை ஒரே அறை, அவர் ஒருத்தரேதான். ஒரு வரிசை எழுதும்போது அடுத்த வரிசை வாசிக்கிறது. புத்தகங்கள் ஒரு பெட்டி, அவ்வளவுதான். தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. நான் கேட்டதும் தலைமை ஆசிரியர் ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்தார், இரண்டு பேரும் சேர்ந்து இறக்கி வைத்தோம்.

உன் பள்ளியில் ஒரு அலமாரி, என் பள்ளியில் ஒரு பெட்டி. அதுவரை எனக்குப் புரிகிறது. ஆனால் அக்கா, நான் ஆறு மணிக்கு இறங்கி வருகிறேன். அந்த இரண்டு அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போன தடவை வந்தபோது அவள் என் பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று உன் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள். போனில்தான் என் குரல் அவளுக்குப் பழக்கம். நேரில் பார்த்தால், வந்த ஆளிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசுகிறாள். இன்னும் இரண்டு வருஷம் இப்படியே போனால் என்னை அவளுக்குத் தெரியாமலே போய்விடும். எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றைக்கு நான் கத்தியதும் இந்தப் பயத்தில்தான்.

உன் தம்பி

*

மே 1

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் வைத்துப் படித்தேன். குண்டூசி அப்போது பக்கத்தில் இல்லை, நல்லதாகப் போயிற்று.

யோசித்துப் பார்த்தேன், நீ சொல்வதுதான் சரி. கூட்டிக்கொண்டு போ. உனக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கும் முடியவில்லை. அவளைத் தூக்கித் தூக்கி என் முதுகு விட்டுப்போயிற்று. எட்டு மணி நேரம் தையல் மிஷினில் குனிந்துவிட்டு வந்தால், உட்கார விடாமல் மடியில் ஏறிக்கொள்கிறாள். அவளுக்கு ஒரு சட்டை, ஒரு பால், ஒரு கதை என்று என் நேரம் முழுக்க அவளுக்கே போகிறது. எனக்கும் கொஞ்சம் மூச்சு விட வேண்டாமா? நாற்பத்தைந்து வயதாகிறது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் லீவு போட்டுச் சுற்றுலா போகிறார்கள். நானும் போகலாம் என்று இருக்கிறேன்.

ஆகவே மன வருத்தம் ஒன்றும் வேண்டாம். எனக்கு இது பாரம் இறங்கிய மாதிரிதான். மே கடைசியில் வந்து அழைத்துக்கொண்டு போ. டிப்போ பள்ளியில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா

*

மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு வலி என்று இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? டாக்டர்களோடேயே வேலை செய்கிறாய், ஒருத்தரிடம் காட்ட மாட்டாயா? எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாலு வருஷமாக உன் தலையில் கட்டிவிட்டு, நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வரப்போகிறாள் என்றதும் ஒரு சின்னக் கட்டில் வாங்கி வந்துவிட்டேன். தலைமை ஆசிரியரிடமும் சொன்னேன். எந்த நாள் வந்தாலும் சேர்த்துக்கொள்வாராம்.

ஆனால் ஒரு விஷயம் மனசில் உறுத்துகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில், சாப்பிட்டியா என்று கேட்டேன். "நான் இப்ப பாதிதான் சாப்பிடுறேன்ப்பா" என்றாள். ஏன் என்று கேட்டேன். அதற்கு, "இப்பல்லாம் நான் யார் மடியிலயும் உக்கார்றதில்ல" என்றாள். ஏதோ பெரிய சாதனை மாதிரி சொன்னாள், ஆனால் குரல் அப்படி இல்லை. அங்கே என்ன நடக்கிறது? யாராவது ஏதாவது சொன்னார்களா?

உன் தம்பி

*

மே 14

அன்புள்ள தம்பிக்கு,

நான்தான் சொன்னேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், குறுக்கே ஒன்றும் நினைக்காமல் படி. இரண்டு வாரமாகக் குண்டூசி ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தாள். தட்டைத் தானே கழுவினாள். செருப்பைத் தானே மாட்டினாள். நான் மிஷினை விட்டு எழுந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வளர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தபோது வெயிலில் பசிக்கவில்லை போல என்று நினைத்தேன். இத்தனை வருஷம் வளர்த்த லட்சணம் இது.

நேற்று டிப்போ பள்ளிக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன், சேர்க்கவில்லை என்று தலைமை ஆசிரியை அம்மாவிடம் சொல்லிவிட்டு வர. அவர் வருத்தப்பட்டார். "பரவால்ல, ஒரு புஸ்தகம் எடுத்துக்கிட்டுப் போடா கண்ணு" என்று அலமாரியைக் காட்டினார். இவள் போய் ஒன்றை எடுத்து, அட்டையில் இருந்ததைச் சத்தமாக வாசித்தாள். பிறகு முதல் பக்கம். பிறகு இரண்டாம் பக்கம். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அந்த அம்மா என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன்.

"யாரு சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"நீதான். துணியில பெருசு பெருசா எழுதுவல்ல."

கறையைப் பார்த்தா போர்வை அடுக்கினாள்? லேபிளைப் படித்து அடுக்கியிருக்கிறாள், தம்பி. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாப் வரை பெருமையில் மிதந்துகொண்டு வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

"அத்தை எழுதுற கடுதாசியும் படிப்பியா?"

தலையை ஆட்டினாள். "நீ எழுதி மேஜைல வெச்சிட்டுக் குளிக்கப் போவியே, அப்ப. அப்பா எழுதுறத மட்டும் படிக்க முடியல. எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "முதுகு இன்னும் வலிக்குதா அத்தை? இப்ப நான் கொஞ்சம் கனம் கொறஞ்சிருப்பேன்."

அதற்குத்தான் பாதிச் சாப்பாடு.

மூன்று பஸ் போயிற்று. நான் எழுந்திருக்கவில்லை. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன், முதலில் வரமாட்டேன் என்றாள். உண்மையைச் சொன்னேன். என் முதுகில் ஒரு வலியும் இல்லை, சுற்றுலா போகிற எண்ணமும் இல்லை, அத்தை பொய் எழுதினேன். ஏன் என்று கேட்டாள். அப்பா தனியாக இருக்கிறார், உன்னை அனுப்ப எனக்கு மனசில்லை என்று தெரிந்தால் கேட்கமாட்டார், அதனால் என்றேன். "அப்ப நான் கனமில்லையா?" என்று கேட்டாள். இல்லை, இல்லை என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். நேற்று ராத்திரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். இருந்தாலும் என் மடியில் உட்காரும்போது ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்கிறாள், பாரம் தெரியாமல் இருக்க.

இப்படி ஒரு பொய்யைப் படித்துவிட்டு, அத்தை தள்ளிவிட்டாள் என்ற நினைப்போடு அவள் உன்னிடம் வரக் கூடாது. அதனால் மே 1-இல் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவளை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. எப்போதுமே விருப்பம் இருந்ததில்லை. டிப்போ பள்ளிக்காரர்கள் இவளை நேராக இரண்டாம் வகுப்பில் போடலாமா என்று யோசிக்கிறார்கள். மே 31-க்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ சொல்லு.

இந்தக் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன். அவள் படிக்கட்டும்.

அக்கா

*

மே 19

அ ன் பு ள் ள அக்காவுக்கு,

நிறுத்தி நிறுத்தி எழுதிப் பார்த்தேன். முதல் சொல்லுக்கே கை வலிக்கிறது. ஆனாலும் இந்தக் கடிதம் முழுக்க எழுத்து ஒட்டாமல்தான் எழுதுகிறேன், அவளுக்குப் புரிய வேண்டும். கேபினில் எழுதவில்லை. இறங்கி வந்து, புதுக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மேலே வைத்துப் படித்தேன். கீழேயிருந்து லோடு ரெடி, லோடு ரெடி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படிக் கேட்டதே இல்லை.

நீ மட்டுமா மறைத்தாய்? நானும் ஒன்றை எழுதவில்லை. இந்த அணை வேலை இன்னும் மூன்று வருஷம்தான். பிறகு என்னை எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பள்ளியும் ஐந்தாம் வகுப்பு வரைதான். இதைச் சொன்னால் நீ ஒரே வரியில் என் வாயை அடைத்துவிடுவாய் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. பள்ளியை மட்டும் வைத்துப் பார்த்தால் உன்னுடையதுதான் மேல். டிப்போ பள்ளியிலேயே சேர்த்துவிடு. கட்டில் கிடந்துவிட்டுப் போகட்டும், நான் காலை நீட்டிப் படுக்காமல் படுத்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று செய். அவள் உன் கடிதங்களை மட்டும்தான் படித்திருக்கிறாள். நான் என்ன எழுதினேன் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா ஏதோ கேட்டார், அத்தை சரி என்றாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. என் கடிதங்களை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டு. அன்றைக்குக் கத்தினேனே, அதையும் விடாதே. பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்று கேள். நாம் இரண்டு பேரும் கழிப்பறைத் தாழ்ப்பாள் வரைக்கும் பார்த்தோம், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் தம்பி

*

மே 25

அன்புள்ள தம்பிக்கு,

வாசித்தேன். கட்டிலில் சுவரோரம் அவள், இந்தப் பக்கம் நான். எல்லாக் கடிதத்தையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியிருந்தது. கம்புக்காரர் வந்த இடத்தை மூன்று தடவை கேட்டாள். அந்த ஏழு பந்தையும் எடுத்தாச்சா என்று கேட்கச் சொல்கிறாள். டீச்சர் எதற்கு விளையாடாத பிள்ளை பக்கத்தில் உட்காருகிறார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, உன் அப்பாவுக்கும் தெரியவில்லை என்றேன்.

ஏப்ரல் 24-ஆம் தேதிக் கடிதத்தில் நீ இரண்டு அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில் நான் அதே வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். அவள் என் கையிலிருந்து தாளை வாங்கி அந்த வரியைத் தானே படித்துப் பார்க்க முயற்சி செய்தாள். முடியவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை தலை பின்னிக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள். "உனக்கு நான் எல்லா நாளும் இருக்கேன். அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் குடுத்திருக்கோம். பாவம்ல?"

பள்ளிக்கூடம் பெரியது, அலமாரி நிறையப் புத்தகம், இரண்டாம் வகுப்பு என்று நான் எடுத்துச் சொன்னேன். சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் ஆசையும் காட்டினேன். "அந்தப் பள்ளிக்கூடம் இங்கயேதான இருக்கும்?" என்றாள். "இங்கயேதான் இருக்கும்" என்றேன். "அப்ப அப்புறமா வந்து படிக்கிறேன்" என்றாள்.

தலைமை ஆசிரியை அம்மாவைக் கேட்டேன். மூன்று வருஷம் கழித்து வந்தால் சேர்த்துக்கொள்வாராம். இரண்டும் அரசுப் பள்ளி, அங்கே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தால் போதும் என்றார். அலமாரியிலிருந்து நாலு புத்தகமும் கொடுத்தனுப்பினார், உன் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி.

அவளை அனுப்ப எனக்கு மனசில்லை. அனுப்புகிறேன். இந்த இரண்டையும் அவளிடமும் இப்படியேதான் சொன்னேன். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று கேட்டாள். அது அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

இனி உனக்குத் தெரிய வேண்டியவை. தலை பின்னும்போது சிக்கை நுனியிலிருந்து எடு, மேலிருந்து இழுத்தால் ஊரைக் கூட்டுவாள். பால் சூடாக இருந்தால் குடிக்கமாட்டாள், ஆறினாலும் குடிக்கமாட்டாள், நடுவில் ஒரு நிமிஷம் உண்டு, அதைப் பிடி. கோபம் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வெளியே வா என்று கூப்பிடாதே, நீயும் தரையில் உட்கார். சாப்பாட்டில் ஒரு வாய் குறைந்தாலும் ஏன் என்று கேள். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை, உனக்குத் தோன்ற வேண்டும்.

30-ஆம் தேதி வா. இந்தத் தடவை செருப்பை மாட்டிக்கொண்டு பேசாதே, உட்கார்ந்து பேசு.

அக்கா

*

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடத்தில் முதல் வாரம் முடிந்தது. நுனியிலிருந்து சிக்கெடுக்கக் கற்றுக்கொண்டேன். பால் இன்னும் கைவசப்படவில்லை. செவ்வாய்க்கிழமை கட்டிலுக்கு அடியில் போனாள், நானும் தரையில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். அத்தை வேண்டும் என்று அழுதாள். நானும் அதையேதான் சொன்னேன், எனக்கும் அத்தை வேண்டும் என்று. அது அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

டீச்சர் அவளை மூன்றாம் வகுப்பு வரிசையோடு உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறார். எழுதுவதற்கு முதல் வகுப்பு வரிசை. அறை ஒன்றுதானே, எழுந்து நாலு அடி நடந்தால் வகுப்பு மாறிவிடுகிறது. கூரையில் இப்போது இரண்டு பந்துதான்.

பள்ளிக்கூடம் முதல் நாள் பத்தரை மணிக்கு முற்றத்து நடுவில் வந்து நின்று, கிரேனைப் பார்த்துக் கையாட்டினாள். நான் கேபின் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, குதித்தாள். ஆனால் விளையாடப் போகவில்லை. மணி அடிக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள், டீச்சர் பக்கத்தில். இப்படி நாலு நாள். தினமும் கையாட்டுவாள், விளக்கைப் பார்ப்பாள், பிறகு படியில் போய் உட்காருவாள். டீச்சர் என்ன செய்கிறார் என்று இப்போது அவளே சொல்லித்தான் தெரியும். ஒன்றும் பேசமாட்டாராம். "அவங்களுக்கு அவசரமே இல்லப்பா" என்றாள்.

நேற்று பத்தரைக்குக் கையில் விளக்குச் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மணி அடித்தது. எல்லோரும் வந்தார்கள். குண்டூசி ஓடி வந்தாள், இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு. பின்பக்கம் ஓடினார்கள், முன்பக்கம் ஓடினார்கள், ஏதோ ஒன்றைத் துரத்தினார்கள். இடைவேளை முழுக்க அவள் மேலே பார்க்கவே இல்லை.

நான் சுவிட்சை விட்டுவிட்டு லோடைத் தூக்கினேன். சந்தோஷம்தான். ஒரு தடவை மேலே பார்த்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது. அவளை அனுப்பிவிட்டு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உன் தம்பி

*

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கும் குண்டூசிக்கும்,

நான் சௌக்கியமாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு இது குண்டூசியும் படிக்கிற கடிதம் என்று நினைவு வந்தது. ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

காலையில் ஆறரைக்கு எழுந்து சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டுவிட்டேன், குண்டூசி. ஒரு நாள் இல்லை, மூன்று நாள். பால் ஒரு டம்ளர் அதிகமாகவே காய்ச்சுகிறேன். துணி அறையில் போர்வை அடுக்க ஒரு புது அம்மா வந்திருக்கிறார், பிரசவ வார்டுத் துணியைத் தீக்காய வார்டுக்கு அனுப்பிவிட்டார்.

நீ மேலே பார்க்காமல் விளையாடினாய் என்று அப்பா எழுதியிருக்கிறார். அதை ஆஸ்பத்திரியில் வைத்துப் படித்துச் சிரித்தேன். பக்கத்திலிருந்தவர்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள், அவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் படித்தபோது அழுதேன். அழுதது வருத்தத்தில் மட்டும் இல்லை, அதனால் நீ அதற்காகச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

எனக்கு முதல் லீவு கிடைத்ததும், பள்ளிக்கூடம் நடக்கிற நாளாகப் பார்த்து அங்கே வருகிறேன். இடைவேளையில் கேட்டுக்கு வெளியே நிற்பேன். நீ பார்த்தால் பார், விளையாட்டு மும்முரத்தில் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. மணி அடிக்கும்வரை நான் அங்கேயேதான் நிற்பேன்.

அத்தை